நெய்வேலிப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பாடம்



போன வாரம் ஒரு பழைய மாணவி போன் செய்தார். இப்போது அவரே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். "சார், பி.ஏ. வரலாறு படிக்க வந்த எங்களுக்கு எதுக்கு சார் சுற்றுச்சூழல் கல்வின்னு ஒரு பேப்பர் வச்சாங்க? என் பிள்ளைங்க கேக்குறாங்க, பதில் தெரியல" என்றார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பேப்பரைக் கொண்டுவந்தது கல்வித்துறை இல்லை, உச்ச நீதிமன்றம். எம்.சி.மேத்தா என்ற வழக்கறிஞர் போட்ட பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஓய்வு பெறப்போகிற நேரம். சினிமா கொட்டகைகளில் சுற்றுச்சூழல் பற்றி இலவசமாக ஸ்லைடு காட்ட வேண்டும், வானொலியிலும் தூர்தர்ஷனிலும் நிகழ்ச்சிகள் வர வேண்டும், பள்ளி முதல் கல்லூரி வரை இதைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உத்தரவு. ஸ்லைடு போட்டார்கள். பாடம்தான் வரவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து மேத்தா மறுபடியும் நீதிமன்றம் போனார். 2003 டிசம்பரில் நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் 2004-05 கல்வியாண்டிலிருந்து எல்லா இளநிலைப் பட்டப்படிப்புக்கும் அது கட்டாயமானது. கணக்கு, தமிழ், வணிகவியல் என்று யாருக்கும் விலக்கு இல்லை.

யு.ஜி.சி. தயாரித்த பாடத்திட்டத்தில் எட்டு அலகுகள், ஐம்பது வகுப்புகள். புனேயைச் சேர்ந்த எராச் பரூச்சா எழுதிய பாடநூல். யார் நடத்துவது என்று கேட்டால், எந்த ஆசிரியருக்கு வாரத்தில் மணி நேரம் குறைகிறதோ அவர். பல கல்லூரிகளில் அப்படித்தான் நடந்தது. வரலாற்று ஆசிரியரான என் தலையில் விழுந்ததும் அப்படித்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. மண்ணும் தண்ணீரும் இல்லாமல் என்ன வரலாறு?

அந்தப் பாடத்திட்டத்தின் உயிர் எட்டாவது அலகில் இருந்தது. நூறு மதிப்பெண்ணில் இருபத்தைந்து களப்பணிக்கு. உள்ளூரில் ஓர் ஆறு, காடு அல்லது மலையைப் போய்ப் பார்த்து எழுத வேண்டும். உள்ளூரில் மாசுபட்ட ஓர் இடத்தையும் பார்த்து எழுத வேண்டும். பல ஊர்களில் இது சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதோடு முடிந்துபோனது. நம் ஊரில் அப்படி முடிக்க முடியவில்லை. "மாசுபட்ட இடம்" என்று நான் கரும்பலகையில் எழுதியதும் பாதி வகுப்பு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

அந்தப் பாதியின் அப்பாக்கள் சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ ஷிப்டு பார்க்கிறவர்கள். குவார்ட்டர்ஸ் வீடு, வேப்ப மர நிழல், ஒழுங்கான தெரு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அந்தக் கரியிலிருந்து வந்தது. மீதிப் பாதி சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தது. அவர்களில் சிலருடைய தாத்தாவின் நிலம் சுரங்கத்துக்குள் போயிருந்தது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. "வளங்குன்றா வளர்ச்சி" என்று பாடநூல் சொல்கிறது. நல்ல தமிழ்தான். ஆனால் வெட்ட வெட்டக் குறைகிற பழுப்பு நிலக்கரியை உட்கார்ந்து தின்னும் ஊரில் அந்தச் சொல்லை எப்படி விளக்குவது? 1987-இல் பிரண்ட்லண்ட் குழு சொன்ன வரையறை, வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் இல்லாமல் இன்றைய தேவையை நிறைவேற்றுவது. "அப்போ எங்கப்பா பாக்குற வேலை தப்பா சார்?" என்று ஒரு பையன் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, பயந்து கேட்டான்.

நான் அவனுக்கு ஊர்க்கதையைத்தான் சொன்னேன். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பார்கள். அதற்குப் பிறகு புவியியல் துறையின் ஆய்வு. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது. 1957 மே 20-இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-இல் முதல் கரி. 1962-இல் சோவியத் உதவியோடு முதல் மின் அலகு ஓடியது. அன்று தமிழ்நாட்டில் நிலக்கரி கிடையாது, ரயிலில் வடக்கே இருந்து வர வேண்டும். கிராமத்துக் கிணறுகளில் மின்மோட்டார் ஓடவும், அரிக்கேன் விளக்கு அணைந்து பல்பு எரியவும் நெய்வேலிக்கு ஒரு பங்கு உண்டு. அவன் அப்பாவின் வேலையை அந்த இடத்திலிருந்து பார்க்கச் சொன்னேன். பிறகு மறுபக்கத்தையும் சொன்னேன். டவுன்ஷிப் இருக்கிற இடமெல்லாம் வெறும் பொட்டல் இல்லை, ஊர்கள் இருந்தன. வில்லுடையான்பட்டு முருகனுக்குப் பங்குனி உத்திரத்தில் காவடி எடுக்கிறோமே, வில்லுடையான்பட்டு எங்கே என்று கேட்டேன். வகுப்பில் யாருக்கும் பதில் தெரியவில்லை. கோயில் பெயரில் மட்டும் ஊர் மிச்சம்.

சுரங்கத்துக்குள் ஒரு வகுப்பையே கூட்டிப்போவது லேசான காரியமில்லை. ஆகவே களப்பணியை வீட்டிலேயே வைத்துக்கொண்டோம்.

முதல் வேலை, கரண்டு பில். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமாராக ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது. அதில் பாதி வெறும் ஈரம் என்பதால் நல்ல நிலக்கரியைவிட அதிகம் எரிக்க வேண்டும். ஒரு டன் கரி எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்கு முந்நூறு யூனிட் ஓடுகிற வீடு என்றால் முந்நூறு கிலோ கரி, ஒன்றரைக் கன மீட்டருக்கும் மேலே மண். அந்த மண்ணை வாசலில் குவித்தால் எவ்வளவு உயரம் வரும் என்று கணக்குப் போட்டு வரச் சொன்னேன். மறுநாள் ஒரு பெண், "சார், எங்க வீட்டு ஃபேனை அம்மா நிறுத்திட்டாங்க" என்று புகார் சொன்னாள்.

இரண்டாவது வேலை, கிணறு. நெய்வேலிக் கரிக்கு அடியில் அழுத்தத்தோடு ஊற்று நீர் இருக்கிறது. அது மேலே பீறிட்டுச் சுரங்கத்தை மூழ்கடிக்காமல் இருக்க இரவு பகலாகப் பம்பு போட்டு இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி பரவனாறு, வாலாஜா ஏரி வழியாகப் பாசனத்துக்கும் போகிறது. ஆகவே ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுப் பெரியவரிடம் கிணற்றின் கதையைக் கேட்டு எழுத வேண்டும் என்றேன். தாத்தா காலத்தில் ஏற்றம், அப்புறம் ஆயில் எஞ்சின், அப்புறம் கிணற்றுக்குள்ளேயே போர், அப்புறம் சப்மெர்சிபிள் என்று கீழே கீழே போன கதை ஏறக்குறைய எல்லா நோட்டிலும் வந்தது. காரணம் எது என்பதில்தான் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. சுரங்கம் இறைப்பதால் என்றார்கள் கிராமத்துப் பிள்ளைகள். நீங்கள் கரும்புக்கும் நெல்லுக்கும் போர் போட்டு உறிஞ்சுவதால் என்றார்கள் டவுன்ஷிப் பிள்ளைகள். இரண்டையும் பலகையில் எழுதினேன். எதையும் அழிக்கவில்லை. அடுத்து வகுப்பு எடுக்க வந்த ஆங்கில ஆசிரியர்தான் டஸ்டரைத் தேடினார்.

அந்த வாதம் ஓயவும் இல்லை. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்ட, விளைந்துகொண்டிருந்த நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கியதை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். நிலம் பல வருடத்துக்கு முன்பே கையகப்படுத்தியது என்றது ஒரு தரப்பு. கையில் எடுக்காமல் விட்டதால் உழுதோம், பயிர் வைத்தோம் என்றது மறுதரப்பு. சட்டப்படி நிலம் யாருடையது என்பது வேறு, அறுப்புக்கு முன்னால் கதிரை மண்ணில் அமுக்கலாமா என்பது வேறு. என் கருத்தைக் கேட்டால், அறுக்கவிட்டுப் பிறகு வெட்டியிருக்கலாம். வள்ளலாரின் வடலூர் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லக்கூட வேண்டியிருக்கிறது. அன்று இரவு எனக்கு இரண்டு போன் வந்தது. ஒன்று நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளை, மற்றொன்று நிறுவனத்தில் வேலை பார்க்கும் பிள்ளை. இரண்டு பேரும் அந்தக் கிணற்று நோட்டு எழுதியவர்கள்.

அந்தப் பழைய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் நின்றுவிட்டது. இப்போது அதே நிறுவனம் சூரிய மின்சாரமும் தயாரிக்கிறது. யு.ஜி.சி.யும் 2023-இல் சுற்றுச்சூழல் கல்விக்குப் புதிய பாடத்திட்டம் வெளியிட்டிருக்கிறது. போன் செய்த மாணவி அதைத்தான் நடத்தப்போகிறார். அவருக்கு நான் சொன்ன பதில் ஒன்றுதான்: முதல் வகுப்பில் புத்தகத்தைத் திறக்காதே அம்மா, பிள்ளைகளின் வீட்டுக் கிணறு எத்தனை அடி என்று கேள்.

உங்களில் யாரிடமாவது அந்தப் பழைய கிணற்று நோட்டு இருந்தால் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அந்தத் தாத்தாக்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் சொன்ன ஆழம் வேறு எங்கேயும் எழுதப்படவில்லை. எந்த ஊர், எந்த வருடம் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.