கொலை இல்லாத ஒரு மர்மக் கதை: 1934-ல் இரண்டு பழைய புத்தக வியாபாரிகள் பிடித்த போலி

இந்த எபிசோடை ஒரு சின்ன ஊரிலிருந்து ஆரம்பிக்கலாம். தேவாலயம் ஒன்று, டீ கடை ஒன்று, தெருமுனையில் ஒரு பழம்பொருள் கடை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒரு நாள் ஊரில் ஏதோ தப்பு நடக்குது. போலீஸ் ஒரு பக்கம் குழம்பிக்கிட்டு இருக்க, கடைக்காரர் ஒரு பழைய அலமாரியைப் பார்த்தே குற்றவாளி யார்னு சொல்லிடறார். கதைக்குள்ள ரத்தம் அதிகம் கிடையாது. கடைசிப் பக்கத்தில் ஊர் மறுபடியும் அமைதியாயிடும். 'கோஸி மிஸ்டரி' என்று சொல்ற வகை இதுதான்.

அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் முதல் முறை ஒரு முழு நாவலில் வந்தது 1930-ல். பழம்பொருள் வியாபாரியே துப்பறிகிற 'லவ்ஜாய்' நாவல் வரிசை 1977-ல் ஆரம்பிச்சு, பிறகு பிபிசி தொடராகவும் வந்தது.

ஏன் பழம்பொருள் வியாபாரி? யோசிச்சுப் பாருங்க, அவர் தொழிலே சந்தேகப்படறதுதான். இந்த நாற்காலி எங்கிருந்து வந்தது? இதுக்கு முன்னாடி யார்கிட்ட இருந்தது? நூறு வருஷப் பொருள்னா ஏன் ஒரு கீறல்கூட இல்லை? போலீஸ் மனுஷங்களைக் கேள்வி கேட்கும். வியாபாரி பொருளைக் கேள்வி கேட்பார்.

இது கதையில மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. 1934-ல், லண்டனில், இரண்டு இளம் வியாபாரிகள் நிஜமாகவே இப்படி ஒரு கேஸைத் துப்பறிந்தார்கள். பிடிபட்டவர் அந்தத் துறையிலேயே மிகப் பெரிய மனிதர்.

ஒரு காதல் கதையும் ஒரு சின்னப் புத்தகமும்

எலிசபெத் பாரெட்டும் ராபர்ட் பிரௌனிங்கும் கவிஞர்கள். 1846-ல் எலிசபெத்தின் அப்பாவுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு இத்தாலிக்குப் போனார்கள். ராபர்ட் மேல் இருந்த காதலை எலிசபெத் ரகசியமாக 44 கவிதைகளாக எழுதி வைத்திருந்தார். 'சானட்ஸ் ஃப்ரம் த போர்ச்சுகீஸ்' என்ற தலைப்பில், போர்ச்சுகீசிய மொழியிலிருந்து பெயர்த்த மாதிரி ஒரு முகமூடியோடு, அவை 1850-ல் அச்சில் வந்தன.

இதுவரைக்கும் சிக்கல் இல்லை. ஆனால் 1890-களில் புதுசா ஒரு கதை பரவ ஆரம்பிச்சது. 1847-லேயே, பீசா நகரத்தில், எலிசபெத் அந்தக் கவிதைகளைக் கணவரின் கோட்டுப் பையில் திணித்துவிட்டு மாடிக்கு ஓடிட்டாராம். பிறகு அதை இங்கிலாந்தில் இருந்த தோழி மேரி ரஸ்ஸல் மிட்ஃபோர்டுக்கு அனுப்ப, அவர் ரெடிங் என்ற ஊரில் தனிச்சுற்றுக்காக ஒரு சின்னப் பிரசுரமாக அச்சடித்துக் கொடுத்தாராம். மிட்ஃபோர்டு யார் தெரியுமா? ரெடிங் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்ந்து, அந்தக் கிராம வாழ்க்கையைப் பற்றியே எழுதிப் புகழ் பெற்றவர். கதைக்கு அச்சு அசலாப் பொருந்துகிற ஆள், பொருந்துகிற ஊர்.

பிரசுரமும் சந்தைக்கு வந்தது. அட்டையில் 'ரெடிங், 1847'. அதாவது முதல் பதிப்புக்கும் மூன்று வருஷம் முந்தைய பதிப்பு! அந்தக் காலத்தில் சமகால எழுத்தாளர்களின் முதல் பதிப்பு சேகரிக்கிற மோகம் உச்சத்தில் இருந்தது. சேகரிப்பாளர்கள் சும்மா விடுவார்களா? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பணக்காரர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள்.

இரண்டு பேர், ஒரு சந்தேகம்

ஜான் கார்ட்டர் பிறந்தது 1905-ல். ஸ்க்ரிப்னர்ஸ் நிறுவனத்தின் லண்டன் கிளையில் அரிய புத்தகங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். கிரஹாம் பொல்லார்டு அவரைவிட இரண்டு வயது மூத்தவர். பிர்ரெல் அண்ட் கார்னெட் என்ற பழைய புத்தகக் கடையில் பங்குதாரர். ரெண்டு பேரும் பேராசிரியர்கள் இல்லை, போலீஸும் இல்லை. புத்தகம் வாங்கி விற்கிறவர்கள். இதில் கார்ட்டர் துப்பறியும் நாவல்களைச் சேகரிப்பது பற்றிக் கட்டுரையே எழுதியவர்.

ரெண்டு பேருக்கும் அந்த ரெடிங் பிரசுரம் உறுத்தியது. 1847-ல் அச்சாகி நண்பர்களுக்குக் கொடுத்த புத்தகம் என்றால், யாராவது ஒருத்தருக்காவது எலிசபெத் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கணும் இல்லையா? ஒரு பிரதியில்கூட அப்படி இல்லை. அந்தக் காலத்து பைண்டிங்கில் ஒரு பிரதிகூட இல்லை. பிரௌனிங் தம்பதி நிறைய கடிதம் எழுதியவர்கள். அவர்கள் கடிதங்களில் இதைப் பற்றி மூச்சே இல்லை. ஏலச் சந்தையில் நாற்பது வருஷம் தலையே காட்டாத புத்தகம், திடீர்னு வரிசையா, கசங்காமல், புத்தம் புதுசா வந்து நிற்குது.

இன்னொரு விஷயம். ராபர்ட் பிரௌனிங்கே கடிதங்களில் எழுதியபடி, மனைவி அந்தக் கவிதைகளை அவரிடம் காட்டியது 1849-ல், இத்தாலியின் பாஞ்ஞி டி லூக்காவில். அவர் கண்ணிலேயே படாத கவிதைகள், அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி எப்படி அச்சாகும்?

ஆனால் இதெல்லாம் சந்தேகம்தான், ஆதாரம் இல்லை. சாதாரணமாக ஒரு போலியை அசலோடு வைத்து ஒப்பிட்டுப் பிடிப்பார்கள். இங்கே அசலே கிடையாது. இந்தப் போலியைச் செய்தவர் இருக்கிற ஒன்றைப் பார்த்து நகல் எடுக்கவில்லை. இல்லாத ஒரு பதிப்பையே உருவாக்கிட்டார். அதுதான் அந்த மூளை. அப்போ மிச்சம் இருக்கிற சாட்சி ஒண்ணே ஒண்ணுதான்: அந்தப் பொருள்.

காகிதம் பேசியது

இங்கிலாந்தில் ரொம்ப நாள் காகிதம் செய்தது பழந்துணியில்தான். பத்திரிகைகள் பெருகப் பெருகத் துணி போதவில்லை. ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா பக்கம் விளைகிற எஸ்பார்ட்டோ என்ற புல்லைக் கலந்து காகிதம் செய்வது 1861 வாக்கில் நடைமுறைக்கு வந்தது. ரசாயன முறையில் பதப்படுத்திய மரக்கூழ் அதற்கும் பின்னால், 1874 வாக்கில்.

இதை வைத்துக்கொண்டு கார்ட்டரும் பொல்லார்டும் பிரசுரத்தின் காகிதத் துணுக்கை நிபுணர்களிடம் கொடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார்கள். 1847 என்று தேதி போட்ட காகிதத்தில் இருந்தது ரசாயன மரக்கூழ்!

புரியற மாதிரி சொல்லணும்னா, 1995-ல் அச்சடித்த பில் என்று ஒருத்தர் கொண்டுவந்து காட்டறார். அதில் '₹' குறி இருக்குது. அந்தக் குறியை இந்திய அரசு அறிவித்ததே 2010-ல். அப்புறம் நீங்க ஒரு கேள்வியும் கேட்க வேண்டியதில்லை.

எழுத்தும் பேசியது

காகிதம் 'இது பொய்' என்று மட்டும்தான் சொன்னது. 'யார்' என்று சொன்னது எழுத்து.

பழைய ஈய அச்செழுத்தில் ஆங்கில 'எஃப்', 'ஜே' எழுத்துகளின் வளைவு, தன் கட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். அடிக்கடி உடைந்துபோகும். அதனால் பிற்காலத்தில் நீட்டல் இல்லாமல் வார்த்தார்கள். அந்தப் பிரசுரத்தில் இருந்தது இந்தப் பிற்கால எழுத்துதான். 1880-க்கு முன்னால் அந்த வடிவம் இருந்திருக்க வழியில்லை. நமக்கும் இது பழக்கமான சங்கதிதான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் பெரும்பாலான தமிழ்ப் புத்தகங்களில் 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கையோடு இருக்கும். பெரியாரின் பத்திரிகைகள் அதற்கு வெகு முன்னாலேயே மாறிவிட்டன, அது தனிக் கதை. 1950-ல் அச்சான சாதாரண நாவல் என்று சொல்லி, உள்ளே இன்றைய எழுத்து இருந்தால் கொஞ்சம் நின்று பார்க்கணும்.

கூடவே அந்த எழுத்துத் தொகுதியில் ஒரு விசித்திரம். கேள்விக்குறி மட்டும் வேறு தொகுதியிலிருந்து வந்து கலந்திருந்தது. அந்தக் கலப்படம் ஒரு கைரேகை மாதிரி. ஒரே ஒரு அச்சகத்தில்தான் அது இருக்க முடியும். எந்த அச்சகம்? விடை தற்செயலாகக் கையில் சிக்கியது. மேத்யூ ஆர்னால்டின் இளவயதுக் கவிதை ஒன்றை 1893-ல் மறுபதிப்பாகப் போட்டிருந்தார்கள். அதில் அதே எழுத்து, அதே கேள்விக்குறி. அச்சடித்தவர்கள் ரிச்சர்டு க்ளே அண்ட் சன்ஸ், பேர் பெற்ற நேர்மையான நிறுவனம். மறுபதிப்பு அடிக்கிறோம் என்று நம்பித்தான் அவர்கள் இந்த மாதிரி வேலைகளையும் செய்திருக்கிறார்கள்.

அந்த மறுபதிப்பைப் பதிப்பித்தவர் பெயர் தாமஸ் ஜே. வைஸ்.

ஊர்ப் பெரியவர்

இந்தப் பெயரின் கனம் தெரிந்தால்தான் அடுத்தது புரியும். வைஸ் வாசனை எண்ணெய் வியாபாரம் செய்யும் நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்து மேலே வந்தவர். ஆங்கிலக் கவிஞர்களின் நூல்பட்டியல்களைத் தொகுத்தவர். பிப்லியோகிராஃபிக்கல் சொசைட்டியின் தலைவராக இருந்தவர். ஆக்ஸ்ஃபோர்டு அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்திருந்தது. ஒரு புத்தகம் அசலா போலியா என்று சந்தேகம் வந்தால் உலகமே கேட்டது அவரிடம்தான். ரெடிங் பிரசுரத்தை உண்மையென்று தன் நூல்பட்டியலில் ஏற்றி, அது எப்படிக் கிடைத்தது என்ற கதையையும் சொன்னவர் அவரே.

தராசைச் சரிபார்க்கிற அதிகாரியே கல்லை மாற்றி வைத்த கதை.

டென்னிசன், ரஸ்கின், டிக்கன்ஸ், ஸ்வின்பர்ன் என்று போய், சந்தேகப் பட்டியல் சுமார் ஐம்பது பிரசுரங்கள் வரை நீண்டது. இவையெல்லாம் எந்த வழியாகச் சந்தைக்கு வந்தன என்று தேடினார்கள். வழி ஹெர்பர்ட் கோர்ஃபின் என்ற சின்ன வியாபாரியிடம் போய் நின்றது. இவர் சிறுவனாக இருந்தபோது வைஸ் வேலை பார்த்த அதே நிறுவனத்தில் ஆபீஸ் பையன். பிற்பாடு வைஸிடமிருந்து கட்டுக்கட்டாக இந்தப் பிரசுரங்களை வாங்கி, அசல் என்று நம்பி, பல வருஷம் விற்று வந்தவர். 1933-ல் பொல்லார்டு அவரைச் சந்தித்து உண்மையைச் சொன்னபோது அவர் நிலைமை எப்படி இருந்திருக்கும்? தன் கையிருப்பு முழுக்கக் குப்பை. தன் பெயரும் கூட.

வைஸ் முந்திக்கொண்டார். மிச்சம் இருந்த பிரதிகளை 400 பவுண்டு கொடுத்து கோர்ஃபினிடமிருந்து திரும்ப வாங்கினார். கூடவே, இதெல்லாம் ஹாரி பக்ஸ்டன் ஃபோர்மனிடமிருந்து வந்ததாகச் சொல்லும்படி கேட்டார். ஃபோர்மன், கீட்ஸ், ஷெல்லி நூல்களின் புகழ்பெற்ற பதிப்பாசிரியர். 1917-லேயே இறந்துவிட்டவர். செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போறார்? பிறகு டைம்ஸ் லிட்டரரி சப்ளிமென்டுக்கு எழுதிய கடிதத்திலும் வைஸ் அதையே சொன்னார். அதே பத்திரிகையில் கோர்ஃபின் பதில் எழுதினார்: எனக்கு எல்லாம் வந்தது வைஸிடமிருந்துதான். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஆபீஸ் பையனாக இருந்தவர், முன்னாள் எஜமானருக்கு எதிராக, பெயர் போட்டு.

'குற்றவாளி இவர்தான்' என்று சொல்லாத புத்தகம்

1934 ஜூலையில் கார்ட்டர்-பொல்லார்டு புத்தகம் வந்தது. தலைப்பு தூங்க வைக்கிற மாதிரி: 'பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரசுரங்கள் சிலவற்றின் தன்மை பற்றிய விசாரணை'. உள்ளே வெடிகுண்டு. ஆனால் எங்கேயும் 'போலி செய்தவர் வைஸ்' என்று ஒரு வரி கிடையாது. இங்கிலாந்தின் அவதூறுச் சட்டம் கடுமையானது, கோர்ட்டுக்குப் போனால் ரெண்டு பேர் வாழ்க்கையும் போச்சு. அதனால் ஆதாரங்களை மட்டும் ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். கடைசிக் கோட்டை வாசகரே இழுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். வாசகர்கள் இழுத்தார்கள்.

வைஸ் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கும் இல்லை, தண்டனையும் இல்லை. 1937-ல் இறந்தார். அவருடைய ஆஷ்லி நூலகத்தை பிரிட்டிஷ் மியூசியம் 66,000 பவுண்டுக்கு வாங்கியது. 1950-களில் அதை ஆராய்ந்த டேவிட் ஃபாக்ஸன் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். மியூசியத்தில் இருந்த பழைய நாடக நூல்களிலிருந்து 200-க்கும் மேற்பட்ட தாள்கள் கிழிக்கப்பட்டிருந்தன. அதில் பல, வைஸ் சேகரிப்பில் குறையாக இருந்த பிரதிகளை முழுமையாக்கப் பயன்பட்டிருந்தன. தான் திருடிய தாளையே மியூசியத்துக்கு வந்து சேரும்படி செய்துவிட்டுப் போயிருக்கிறார்!

ஃபோர்மன் அப்பாவியா? அதுவும் இல்லை. அவரும் உடந்தை என்று காட்டும் கையெழுத்து ஆதாரம் 1945-ல் வெளியானது. நிக்கோலஸ் பார்க்கர், ஜான் காலின்ஸ் 1983-ல் வெளியிட்ட ஆய்வு, அவர் சம பங்காளி என்றே காட்டியது. வைஸ் சொன்னதில் பாதி உண்மை. தன் பாதியை மட்டும் மறைத்துவிட்டார்.

என்ன நஷ்டம்?

பணக்காரர்கள் சிலர் ஏமாந்தார்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். அவ்வளவு மட்டும் இல்லை. அந்தப் பீசா கதை வாழ்க்கை வரலாறுகளில் ஏறி, உண்மை மாதிரி பல வருஷம் சுத்தியது. இறந்துபோன ரெண்டு பேரின் அந்தரங்கமான ஒரு நிமிஷத்தை, ஒரு விலைச்சீட்டுக்காக வருஷம் மாற்றி ஊர் மாற்றி நிறுத்தியிருந்தார்கள். அதைத் திரும்ப 1849-க்கு, அது நடந்த இடத்துக்கு நகர்த்தினது ஒரு புல்லும், மரக்கூழும், கேள்விக்குறியும்தான்.

கோஸி மிஸ்டரியில் கடைசி அத்தியாயத்தில் ஊர் பழைய நிலைக்குத் திரும்பிடும். இங்கே அப்படி ஆகலை. ஆனால் ஒரு பழக்கம் மிச்சமாச்சு. 'யார் சொன்னது' என்பதோடு நிற்காமல், 'இந்தப் பொருள் என்ன சொல்லுது' என்று கேட்கிற பழக்கம். இன்றைக்கு நூலகங்களும் ஏல நிறுவனங்களும் காகிதத்தையும் எழுத்தையும் சோதிக்கிறதில் அந்த இரண்டு வியாபாரிகளின் பங்கு பெரியது.

கடைசியாக ஒரு சின்ன வேடிக்கை. வைஸின் போலிகளுக்கு இன்றைக்கும் சந்தை இருக்குது. போலி என்று தெரிந்தே சேகரிக்கிறார்கள். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.