முள்ளிவாய்க்கால் ஆஸ்பத்திரியில் ஒரு லண்டன் பொண்ணு

தஞ்சாவூர் விளாரில் இருக்கும் முள்ளிவாய்க்கால் முற்றத்தை நம்ம பதிவர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நவம்பர் 2013-ல் திறந்தார்கள், சில நாளிலேயே சுற்றுச்சுவரை அரசு இடித்தது (அது தனிப் பதிவுக்கான கதை). உள்ளே கல்லில் சாவைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு அங்கே நின்றால் வேற ஒரு கேள்விதான் வரும். அடிபட்டவர்களுக்கு அங்க யாருய்யா கட்டுப் போட்டது?

தமிழ்வாணி ஞானகுமார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1994-ல் குடும்பத்தோடு பிரிட்டன் போனவர். உயிர்மருத்துவம் படித்த பட்டதாரி. பல செய்திகளில் டாக்டர் ரேஞ்சுக்கு எழுதிவிட்டார்கள், ஆனால் அவர் டாக்டர் இல்லை. பிப்ரவரி 2008-ல் இலங்கை போனார். வன்னியில் இருந்தபோது போர் இறுகியது. திரும்ப முடியவில்லை.

ஜனவரி 2009. நம்ம டெல்டாவில் சம்பா அறுவடை நடக்கிற தை மாசம். அங்கே அரசு முதல் 'பாதுகாப்பு வலயத்தை' அறிவித்தது. ஷெல்லடியில் பிப்ரவரி தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. பிறகு புதுமாத்தளன், கடைசியில் முள்ளிவாய்க்கால். ஆஸ்பத்திரி என்றால் கட்டடத்தை நினைக்காதீங்க. கிடைத்த இடத்தில் தரையில் படுக்க வைத்துப் பார்ப்பதுதான். டாக்டர்கள் வரதராஜா, சத்தியமூர்த்தி, சண்முகராஜா ஆகியோர் அரசு சம்பளத்தில் இருந்தவர்கள், கடைசிவரை நின்றார்கள். தமிழ்வாணி அவர்களுக்கு உதவியாளாக நின்றார். போதிய மயக்க மருந்தில்லாமல் ஒரு சின்னப் பையனுக்கு நடந்த அறுவை சிகிச்சையைப் பற்றிப் பின்னால் சொன்னார். அதை இங்கே விவரமாக எழுத எனக்கு மனசு வரவில்லை.

மருந்து ஏன் இல்லை? இதுதான் என்னை உறுத்துகிற இடம். பிப்ரவரி 2009-ல் உள்ளே இருப்பது சுமார் 70,000 பேர்தான் என்றது அரசு. ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் சொன்ன கணக்கு 3,30,000 வரை. தலை எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டினால் அனுப்ப வேண்டிய அரிசியும் மருந்தும் தானாகக் குறைந்துவிடும். நம்ம வேலையில் இன்புட் தப்பா இருந்தா அவுட்புட் தப்பா வரும், திருத்திக்கலாம். இங்கே அந்த எண் வேண்டுமென்றே குறைக்கப்பட்டது என்கிறது அதே அறிக்கை. அதே அறிக்கை, வெளியேற முயன்ற மக்களைப் புலிகள் தடுத்ததையும் சுட்டதையும் சேர்த்தேதான் சொல்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துப் போடுவது நியாயமில்லை. கடைசி மாதங்களில் 40,000 வரை மக்கள் இறந்திருக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. கொழும்பு ஒப்புக்கொள்ளவில்லை.

மே 12-ம் தேதி முள்ளிவாய்க்கால் ஆஸ்பத்திரியிலேயே ஷெல் விழுந்தது. அந்த நாட்களில் தமிழ்வாணி தொலைபேசியில் லண்டன் கார்டியன் பத்திரிகைக்குப் பேசினார். வெளிநாட்டு நிருபர் யாரையும் உள்ளே விடாத நேரம் அது. போர் முடிந்ததும் மெனிக் ஃபார்ம் முகாமில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டார்.

டாக்டர்களை அரசு கைது செய்தது. ஜூலை 8-ம் தேதி காவலில் இருந்தபடியே கொழும்பில் பத்திரிகையாளர் முன்னால் உட்கார வைக்கப்பட்டார்கள். தாங்கள் முன்பு சொன்ன சாவுக் கணக்குகள் மிகைப்படுத்தியவை என்றார்கள். ஆகஸ்டில் வெளியே விட்டார்கள். அவர்கள் வாழ வேண்டியது அந்த நாட்டில்தானே, நானோ நீங்களோ அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

தமிழ்வாணி கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. செப்டம்பர் 2009-ல் விடுதலையாகி லண்டன் திரும்பினார். அங்கே பத்திரிகையிலும், 2011-ல் சேனல் 4 ஆவணப்படத்திலும் தான் பார்த்ததை அப்படியே சொன்னார். எந்த வரியையும் அவர் வாபஸ் வாங்க வேண்டியிருக்கவில்லை.