ஒரு செவியால் கேட்ட இசை

மேனாட்டு ராக் இசையின் வரலாற்றில், 1966-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் அமெரிக்காவில் வெளிவந்த 'பெட் சவுண்ட்ஸ்' என்னும் இசைத்தட்டு தனியிடம் பெறுவது. அதனை ஆக்கிய பிரையன் வில்சனுக்கு அப்பொழுது வயது 23. இளமை முதலே அவருடைய வலச்செவி ஏறக்குறையக் கேளாதது. செவியை நம்பியே வாழும் வானொலியாராகிய நமக்கு இச்செய்தி வியப்பூட்டுவதில் வியப்பில்லை.

கலிபோர்னியாவில் உடன்பிறந்தார் மூவரும், அவர்தம் உறவினர் ஒருவரும், நண்பர் ஒருவரும் கூடித் தொடங்கிய 'பீச் பாய்ஸ்' குழு, கடலலையையும் மோட்டார் வண்டியையும் பாடிப் புகழ் ஈட்டியது. 1964 டிசம்பரில், விமானப் பயணம் ஒன்றில் வில்சன் மனம் தளர்ந்து உடைந்தார். அதன்பின் குழுவினர் ஊர் ஊராகச் சென்று பாட, அவர் வீட்டிலிருந்து இசையமைக்கலானார். 1966 தொடக்கத்தில் குழு ஜப்பானில் இருக்க, விளம்பர வாசகம் எழுதிவந்த டோனி ஆஷருடன் அமர்ந்து பாடல்களை இயற்றினார். விளம்பரம் எழுதுவோர்க்குக் கவிதை வாராது என்பார் இதனைக் கருதுக.

லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிப்பதிவுக் கூடங்களில் தேர்ந்த கலைஞர் பலரை ஒருங்கே வாசிக்கச் செய்தார். வயலின், அக்கார்டியன், பிரெஞ்சு ஹார்ன் ஆகியவற்றோடு சைக்கிள் மணியும் சேர்ந்தது. இறுதியில் ரயிலோசையும் அவர் வளர்த்த நாய்களின் குரைப்பும் கேட்கும். கருவியிசையை ஒரே தடமாகச் சுருக்கி, அதன்மேல் குரல்களை அடுக்கடுக்காகப் பதித்தார். முடிவான வடிவம், ஒலியனைத்தும் ஒன்றாகக் கலந்து வரும் 'மோனோ'.

அமெரிக்காவில் அது விற்பனை வரிசையில் பத்தாமிடத்தோடு நின்றது. தோல்வி என்பது மிகையே. ஆயினும் வெளியிட்ட கேப்பிடல் நிறுவனம் இரண்டு மாதங்களுக்குள் குழுவின் பழைய பாடல்களைத் தொகுத்து வேறொரு தட்டை வெளியிட்டது. புதியதன்மேல் அந்நிறுவனத்திற்கிருந்த நம்பிக்கையின் அளவு இதனால் விளங்கும். இங்கிலாந்திலோ அது இரண்டாமிடம் எய்தியது. குழுவைச் சேர்ந்த புரூஸ் ஜான்ஸ்டன் அதனை லண்டனுக்கு எடுத்துச் சென்று, பீட்டில்ஸ் குழுவின் லெனானும் மெக்கார்ட்னியும் கேட்குமாறு செய்தார். 1967-இல் தாம் வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்' தட்டிற்கு இது தூண்டுதலாய் அமைந்ததை மெக்கார்ட்னியே பின்னாளில் ஒப்பினார். அமெரிக்காவில் இதற்குப் 'தங்கத் தட்டு' என்னும் சான்று கிடைத்ததோ 2000-ஆம் ஆண்டில்!

இடமும் வலமுமாகப் பிரிந்தொலிக்கும் ஸ்டீரியோ வடிவம் 1997-இல் வெளிவந்தது. அதில் கருவிகள் தனித்தனியே தெளிவாகின்றன என்பது மெய்யே. 2025 ஜூன் 11-இல் வில்சன் மறைந்தார். நாம் விரும்பிக் கேட்பது, அவர் தம் ஒற்றைச் செவியால் கேட்டுச் செப்பம் செய்த பழைய மோனோ தட்டையே.