கோட்டுரு

கோடு, உரு இரண்டும் சேர்ந்து கோட்டுரு: புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் மட்டுமே கொண்ட கணித அமைப்பு. ஆங்கில ‘கிராஃப்’ என்பதை ‘வரைபடம்’ என்றால் நிலப்படத்தோடு குழம்பும். நகரத்தைப் பற்றி எழுதும்போது அந்தக் குழப்பம் ஆகாது. ‘கிராஃப்’ என்ற பெயரை 1878-இல் கணிதவியலர் சில்வெஸ்டர் வேதியியல் குறியீட்டிலிருந்து எடுத்தார். கருத்து அதைவிடப் பழையது, நகரத்தில் பிறந்தது. கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் தலா ஒரே முறை கடந்து நடக்க முடியாது என்று கணிதவியலர் ஆய்லர் 1736-ஆம் ஆண்டுக் கட்டுரையில் நிறுவினார். ஆற்றுத்தீவுக்கு ஐந்து பாலங்கள், மற்ற மூன்று நிலப்பகுதிகளுக்கும் மும்மூன்று, நான்கும் ஒற்றைப்படை; ஒற்றைப்படை இரண்டுக்கு மேல் இருந்தால் அப்படி நடக்க முடியாது. தூரம் கணக்கிலேயே இல்லை. நகரத் தெருக்களை ஆராய லண்டனில் பில் ஹில்லியர் என்ற ஆய்வாளரின் குழு வளர்த்த முறையில் தெருவே புள்ளி, தெருக்கள் சந்திப்பதே கோடு. ஒரு தெருவிலிருந்து மற்றவற்றுக்கு எத்தனை திருப்பம் என்று எண்ணுகிறார்கள். மற்றவற்றை அடையத் திருப்பம் குறைந்த தெருவில் பெரும்பாலும் ஆள்நடமாட்டம் அதிகம்.