தரையில் நிற்கும் விமானி

சென்னை மவுண்ட் ரோடில் ஒரு காலத்தில் டி ஆஞ்செலிஸ் ஹோட்டல் என்று ஒன்று இருந்தது. அதன் முதலாளி ஜியாகோமோ டி ஆஞ்செலிஸ் கார்ஸிகா தீவுக்காரர். விருந்தும் மிட்டாயும் அவர் தொழில். 1909 ஜூலை 25ஆம் தேதி பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆகாய விமானத்தில் இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டினார். அந்தச் செய்தி நம் ஹோட்டல்காரருக்கும் பறக்கும் பித்தை உண்டாக்கிவிட்டது. தாமே ஒரு விமானத்துக்கு உருவம் வகுத்தார்; கோச்சு வண்டி கட்டுவதில் பேர்போன சிம்ப்ஸன் கம்பெனியில் அதைக் கட்டச் செய்தார்; ஊருக்கு வெளியே பல்லாவரத்துக்குக் கொண்டுபோய்ப் பரீட்சை பார்த்தார். பிறகு 1910 மார்ச்சில் தீவுத்திடலில் டிக்கெட் வைத்து ஜனங்களுக்கு அந்த வேடிக்கையைக் காட்டினார்.

இந்தக் கதையில் நான் கவனிப்பது ஒன்றைத்தான். விமானத்தைக் கட்டியவரே அதில் ஏறி உட்கார்ந்தார். விழுந்தால் முதலில் அவருடைய எலும்புதான் முறியும். அந்தப் பயமே பாதி ஜாக்கிரதை.

ரேடியோ வந்து இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. ஜகதீஸ சந்திர போஸ் 1890களில் கல்கத்தாவில், கம்பி எதுவும் இல்லாமல் தூரத்திலிருந்தே மணி அடிக்கவும் வெடிமருந்தைப் பற்றவைக்கவும் செய்து காட்டினார். நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா 1898ல் ஒரு தொட்டித் தண்ணீரில் சிறு படகை விட்டு, கரையில் நின்றபடியே அதைத் திருப்பிக் காட்டினார். அமெரிக்காவில் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1937ல் 'கஃப்' என்ற மாதிரி விமானத்தை ரேடியோவால் ஆட்டிவைத்தார்கள். அந்த விமானம் இப்போது ஸ்மித்ஸோனியன் மியூஸியத்தில் இருக்கிறது. விமானி தரைக்கு வந்துவிட்டான். ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடுகிறது யந்திரம். அவன் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் புல்லில் நிற்கிறான். அது தலைகுப்புற வந்தால் அவனுக்கு நஷ்டம் பணம் மட்டுமே. மற்ற நஷ்டம் கீழே யார் இருக்கிறாரோ அவருக்கு.

சென்னைக்காரருக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. கண்ணாடியை இடித்துச் சலித்து, வஜ்ஜிரம் காய்ச்சி, மாஞ்சா போட்டுக் காத்தாடி விட்ட ஊர் அல்லவா இது! மொட்டை மாடியில் டீல் போடுகிறவனுக்கு விரலில் ஒரு கீறல், அதோடு சரி. அறுந்த நூல் எந்தத் தெருவில் யார் கழுத்தில் விழுகிறது என்று அவன் பார்ப்பதில்லை. 2017 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாஞ்சா நூலை நாடு முழுவதும் தடுத்தது. அதற்குப் பிறகும், 2019 நவம்பரில், கொருக்குப்பேட்டையில் தகப்பனாரின் மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து வந்த மூன்று வயதுக் குழந்தையின் கழுத்தை ஒரு நூல் அறுத்துவிட்டது. நூல் விட்டவன் அந்தக் குழந்தையை அதற்கு முன் பார்த்திருக்கவே மாட்டான்.

நூலே இப்படி என்றால், இரண்டு கிலோ விமானத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் மாதிரி விமானத்துக்கு ஒன்றும் பிரமாதமில்லை. அந்த வேகத்தில் அது வந்து மோதினால், இரண்டு கிலோக் கல்லை ஆறேழு மாடிக் கட்டிடத்தின் உச்சியிலிருந்து போட்ட அடி விழும். போதாததற்கு மூக்கில் சுழலும் கத்தி வேறு.

இதை எங்கே வைத்துக்கொண்டு விடுவது? லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பூங்கா காலையில் நடக்க வருகிறவர்களுக்கே போதவில்லை. தியாகராய நகரில் பாண்டி பஜாருக்கு மேலே எதையாவது பறக்கவிட நினைப்பவனை வைத்தியரிடம்தான் அழைத்துப் போகவேண்டும். அடையாற்றிலோ நிஜ விமானங்களே கடல் பக்கமிருந்து மீனம்பாக்கத்தை நோக்கித் தாழ்ந்து வருகின்றன. 2014 அக்டோபரில் சர்க்கார் ஆளில்லா விமானங்களை ஒரேயடியாகத் தடுத்தது. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள் ஓரளவு கதவைத் திறந்தன. விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அநுமதியில்லாமல் ஏற்றக்கூடாது. 8 முதல் 12 வரை 200 அடி உயரம். அதற்கப்பால், வேறு தடை இல்லாத இடத்தில், 400 அடி. மயிலாப்பூர், தி. நகர், அடையாறு மூன்றும் அந்த 12 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே ஆசைப்பட்ட பிள்ளை டி ஆஞ்செலிஸ் செய்ததைத்தான் செய்யவேண்டும்: ஊரைத் தாண்டி வெட்டவெளிக்குப் போகவேண்டும்.

பல்லாவரத்தை அடுத்த குரோம்பேட்டையில் 1949ல் தோன்றிய எம்.ஐ.டி.யில் 'தக்‌ஷா' என்ற மாணவர் குழு ஆளில்லா விமானங்கள் செய்தது. 2018ல் நடிகர் அஜித் குமார் அதற்கு ஆலோசகராக இருந்தார். மாதிரி விமானம் விடுவது அவருடைய நெடுநாளைய பொழுதுபோக்காம். திரையில் அவர் மோட்டார் சைக்கிளில் பறப்பதைப் பார்த்தவர்கள் இதற்காக ஆச்சரியப்பட மாட்டார்கள்.

வெட்டவெளிக்குப் போனாலும் ஆபத்து அங்கே வேறு வேஷத்தில் வந்தது. பழைய ரேடியோப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைவரிசை உண்டு. ஒருவர் விமானம் மேலே இருக்கும்போது அதே அலைவரிசைக்காரர் இன்னொருவர் தம் பெட்டியைத் திருகினால் போதும்; மேலே இருப்பது எஜமானனை மறந்து கீழே பாயும். இதற்கு மாதிரி விமானக்காரர்கள் கண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும். மைதானத்தில் ஒரு பலகை. அதில் துணி உலர்த்தும் கிளிப்புகள், ஒவ்வொன்றிலும் ஓர் அலைவரிசையின் எண். உங்கள் எண்ணுள்ள கிளிப் கையில் இல்லாமல் பெட்டியைத் தொடக்கூடாது. பறந்து முடிந்ததும் கிளிப்பைத் திருப்பி மாட்டவேண்டும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் பெட்டிகள் வந்தபின் அலைவரிசைச் சண்டை ஏறக்குறைய ஓய்ந்தது, கிளிப்புகளும் மறைந்துவருகின்றன. ஆனால் அலை அறுந்துபோகும் நிமிஷம் ஒன்று எப்போதும் காத்திருக்கிறது. அப்போது என்ன செய்யவேண்டும் என்று முன்கூட்டியே விமானத்துக்குச் சொல்லிவைக்கலாம். மோட்டாரை நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே விழு என்பதுதான் அந்தக் கட்டளை. மாதக்கணக்கில் ஒட்டி, தேய்த்து, வர்ணம் பூசிய சொந்த விமானத்துக்கே இப்படி உத்தரவு போட மனசு வராதுதான். ஆனாலும் போடுகிறார்கள். ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்பும் ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொள்கிறார். இன்னொருவர் கையிலுள்ள பெட்டியை அணைக்கிறார். மூக்கிலிருக்கும் சுழலி நிற்கிறதா என்று இருவரும் பார்க்கிறார்கள். நிற்காவிட்டால் அன்றைக்குப் பறப்பது இல்லை. விமானத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.