மெலிவதெல்லாம் நலமன்று

உடற்பருமன் மூளைக்குக் கேடு என்று ஓர் ஆய்வு சொல்ல, பருமனே மூளைக்குக் காப்பு என்று இன்னோர் ஆய்வு சொன்னால், நாளிதழ் வாசிக்கும் சாமானியர் எதை நம்புவது? உடல் எடைக்கும் மறதிநோய்க்கும் உள்ள தொடர்பு குறித்து இருபது ஆண்டுகளாக நடந்துவருவது இத்தகைய வழக்குதான்.

2005-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, அமெரிக்காவின் வடக்கு கலிபோர்னியாவைச் சேர்ந்த 10,276 பேரை நாற்பதுகளின் முற்பகுதியிலிருந்து பல்லாண்டு காலம் பின்தொடர்ந்தது. அந்த வயதில் பருமனாக இருந்தவர்களுக்கு, இயல்பான எடை கொண்டவர்களைவிடப் பிற்காலத்தில் மறதிநோய் வரும் வாய்ப்பு 74 சதவீதம் அதிகம் என்று அது கண்டது. சரியாகப் பத்தாண்டுகள் கழித்து, 'லான்செட்' குழும இதழ் ஒன்றில் பிரிட்டன் ஆய்வு வெளியானது. நாற்பது வயதைத் தாண்டிய ஏறத்தாழ 20 லட்சம் பேரின் மருத்துவக் குறிப்புகளை அலசிய அவ்வாய்வு, மெலிந்தவர்களுக்கே மறதிநோய் வாய்ப்பு 34 சதவீதம் அதிகம் என்றும், மிகப் பருத்தவர்களுக்கு அது 29 சதவீதம் குறைவு என்றும் அறிவித்தது. இரண்டுமே அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடிய ஆய்வுகள் அல்ல.

முரண்பாட்டுக்கான விடையின் பெரும்பகுதி, எடையை எந்த வயதில் அளந்தார்கள் என்பதில் இருக்கிறது என்பதே என் கருத்து. 2018-இல் வெளியான கூட்டாய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஐரோப்பா, அமெரிக்கா, ஆசியா ஆகிய பகுதிகளின் 39 ஆய்வுகளிலிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஒன்றுசேர்த்த ஆய்வாளர்கள், அவற்றைக் காலவாரியாகப் பிரித்துப் பார்த்தனர். நோய் கண்டறியப்படுவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பு அளந்த எடையை எடுத்துக்கொண்டால், உடல் நிறை குறியீட்டெண் ஐந்து அலகு கூடும்போது நோய் வாய்ப்பு 16 சதவீதம் கூடியது. பத்து ஆண்டுகளுக்கு உட்பட்ட காலத்தில் அளந்த எடையை எடுத்துக்கொண்டாலோ, அதே ஐந்து அலகுக்கு வாய்ப்பு 29 சதவீதம் குறைந்தது. ஐந்து அலகு என்பது 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு ஏறத்தாழ பதின்மூன்றரை கிலோ.

லண்டனில் 1985-இல் தொடங்கிய 'வைட்ஹால்' ஆய்வு இதற்கு இன்னும் நெருக்கமான சான்று. 10,308 அரசு ஊழியர்களை நடுவயதிலிருந்து தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு அது. ஐம்பது வயதில் பருமனாக இருந்தவர்களுக்கு மறதிநோய் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கு. அறுபதிலோ எழுபதிலோ பருமனாக இருந்தவர்களிடம் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. பின்னாளில் நோய்வாய்ப்பட்டவர்களின் எடைக்கோட்டைப் பின்னோக்கி வரைந்தபோது, நோய் கண்டறியப்படுவதற்குச் சுமார் எட்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவர்களின் எடை மற்றவர்களைவிடக் குறையத் தொடங்கியிருந்தது.

அதாவது, முதுமையில் மெலிவு நோயைக் கொண்டுவருகிறது என்பதைவிட, வரவிருக்கும் நோய் மெலிவை முன்னால் அனுப்புகிறது என்று கொள்வதே பொருத்தம். அல்சைமர் நோயில் மூளைக்குள் மாற்றங்கள் தொடங்குவது, மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பே. முகர்வுணர்வு மங்குகிறது, உணவின் சுவை குன்றுகிறது. எதிலும் நாட்டமின்மை வந்துசேர்கிறது. பசியை ஆளும் ஹைப்போதலாமஸ் பகுதியும் பாதிக்கப்படலாம். மரபணு ஆய்வுகளும் இதற்கு இசைவாகவே உள்ளன. ஏறத்தாழ 4 லட்சம் பேரின் தரவுகளைக் கொண்டு 2017-இல் வெளியான ஆய்வில், பிறப்பிலேயே மெலிந்த உடல்வாகுக்கான மரபணுக்களைக் கொண்டவர்களுக்கு அல்சைமர் வாய்ப்பு கூடுதலாக இருக்கவில்லை. ஆனால், வழக்கு முழுவதும் முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தாங்கள் கண்ட போக்கு இருபது ஆண்டுக் காலம் நீடித்தது என்பது பிரிட்டன் ஆய்வாளர்களின் வாதம். அதற்கு முழுமையான மறுப்பு இன்னும் எழுதப்படவில்லை.

இந்த வாதங்களைவிட எனக்குக் கவலை தருவது நம் வீடுகளில் நடப்பது. எழுபது வயதில் ஒருவர் இளைத்தால், "சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது போலிருக்கிறதே" என்று பாராட்டுகிறோம். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, வளையல் முழங்கை வரை ஏறுகிறது என்பதெல்லாம் சிரித்துக் கடக்கும் செய்திகளாகிவிடுகின்றன. எப்போதோ மருத்துவர் சொன்ன உணவுக் கட்டுப்பாட்டைப் பத்தாண்டுகள் கழித்தும் விடாமல் கடைப்பிடிக்கும் முதியவர்களை நான் அறிவேன். அந்தக் கட்டுப்பாடு இன்றும் தேவைதானா என்று யாரும் மறுபடி கேட்பதில்லை. தனியே வாழும் மூதாட்டி காலையில் வைத்த சோற்றை இரவு வரை தொடவில்லை என்றால், அது விரதமா, பசியின்மையா, சாப்பிட்டதாக நினைத்துக்கொண்ட மறதியா என்பதைப் பிரித்தறிய அருகில் ஆள் வேண்டும். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டுள்ளது.

இதைப் படித்துவிட்டு நாற்பத்தைந்து வயதுக்காரர் நிம்மதிப் பெருமூச்சு விட இடமில்லை. அவருடைய தொப்பை வேறு கணக்கு. நடுவயதுப் பருமன் நீரிழிவையும் உயர் ரத்த அழுத்தத்தையும் உடனழைத்து வருகிறது. அவை மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சிதைக்கின்றன. இந்தியர்களுக்கு இது மேலும் பொருந்தும். குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்வது நம் உடல்வாகு என்பதால்தான், உலக அளவில் 25 என உள்ள மிகை எடையின் எல்லையை இந்திய மருத்துவர்கள் 23 ஆக வைத்துள்ளனர். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதத்தினர் 25 என்ற எல்லையையே தாண்டியவர்கள். ஆண்கள் 37 சதவீதம்.

ஆயினும் பருமனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. மறதிநோய் குறித்த 'லான்செட்' ஆணையம் 2024-இல், தவிர்க்கக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டது. அதில் நடுவயதுப் பருமனின் பங்கு 1 சதவீதமே. காதுகேளாமைக்கும் கெட்ட கொழுப்புக்கும் தலா 7 சதவீதம். காதுக்கருவி அணியக் கூச்சப்படும் சமூகம் நாம் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. எடைகுறைப்புக்குப் புகழ்பெற்ற செமாகுளூடைட் மருந்து, தொடக்கநிலை அல்சைமர் நோயாளிகளிடம் நடந்த பெரும் சோதனைகளில் நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை என்ற செய்தியும் 2025 நவம்பரில் வந்தது.

எனவே, வீட்டில் முதியவர் இருந்தால் மாதம் ஒருமுறை, அதே தராசில், அதே வேளையில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். அவராக முயலாமலேயே ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எடையில் ஐந்து சதவீதம் குறைந்தால், அதாவது 60 கிலோ உள்ளவர் 3 கிலோ இழந்தால், மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். காரணம் மறதிநோயாகவே இருக்க வேண்டியதில்லை. பொருந்தாத பல்செட், மனச்சோர்வு, தைராய்டு, காசநோய், புற்றுநோய் என எதுவும் இருக்கலாம்; இவற்றில் பலவும் குணப்படுத்தக் கூடியவை. மருத்துவரிடம் செல்லும்போது அந்த எடைக் குறிப்பேட்டுடன், அண்மையில் அவர் மறந்தவை, கேட்டதையே மறுபடி கேட்டவை, அடுப்பை அணைக்காமல் விட்ட நாள்கள் ஆகியவற்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.