வாய் இறுகும் நோயும் எச்சில் சொல்லும் சேதியும்



வெற்றிலை பாக்கு இல்லாமல் நம் வீடுகளில் மங்கல காரியம் எதுவும் தொடங்குவதில்லை. பெரட்டுக்குப் போகுமுன் ஒரு வாய், பால் வெட்டி முடித்ததும் ஒரு வாய் என்று, இடுப்பில் சுருக்குப்பையோடு வாழ்ந்த பாட்டிமார்களை ரந்தாவ், லிங்கி, பகாவ் பக்கத்து லயங்களில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பையில் இருந்த பாக்கு வாயை என்ன செய்கிறது என்று உலகம் தீர்மானமாகச் சொல்ல ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் காரம் பட்டால் வாய் எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுத்து, கயிறு ஓடினாற்போல் தடிக்கும். மூன்று விரல் நுழைந்த வாயில் இரண்டு நுழையும், பிறகு ஒன்றுதான் நுழையும். பால்மரத்தில் கத்தி ஆழமாகப் பட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக ஆகிவிடுகிறது அல்லவா? ஓயாத அழற்சியால் வாய்ச் சதையும் அப்படித்தான் நாராக இறுகிவிடுகிறது.

1952ஆம் ஆண்டு ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் இந்நோயைப் பற்றி அறிவித்தார். அவர் கண்ட நோயாளிகள் ஐந்து பேர். கென்யாவில் குடியேறிய இந்தியப் பெண்கள். நம்மைப் போலவே கடல் தாண்டிப் போனவர்கள். மறு ஆண்டு பம்பாயில் ஜோஷி என்பவரும் இதை விவரித்தார். ஆனால் காரணம் என்ன? முதலில் மிளகாயைச் சந்தேகித்தார்கள். 1960இல் சிர்சாத், கானோல்கர் என்னும் ஆய்வாளர்கள் மிளகாயின் காரப்பொருளை எலிகளின் அண்ணத்தில் தடவியே பார்த்தார்கள்!

நம் நாட்டிலும் ஒருவர் இதை ஆராய்ந்தார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் கே. இராமநாதன், இரும்புச் சத்தும் பி வைட்டமினும் நெடுநாள் குறைவதே இதற்கு வேராக இருக்கலாம் என்று 1981இல் எழுதினார். அதே ஆண்டு இங்கிலாந்தில் கானிஃப், ஹார்வி ஆகிய இருவரும் பாக்குச் சாறு நார்ச்சதை உற்பத்தியைத் தூண்டுகிறது என்று காட்டினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் பாக்கின் பக்கமே சாய்ந்தன. ஆயினும் சோகை பிடித்த உடம்பைப் பற்றி இராமநாதன் கேட்ட கேள்வி வீண் போகவில்லை என்பது என் எண்ணம். இன்றும் இந்நோயாளிகளுக்கு இரத்தத்தைச் சோதித்து, குறை இருந்தால் இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள்.

நோய் வெறும் இறுக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. கேரளத்து எர்ணாகுளம் மாவட்டத்தில் 66 நோயாளிகளைப் பதினேழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஐவருக்கு வாயில் புற்றுநோய் வந்தது. இது 1985இல் வெளியான செய்தி. அதே ஆண்டு உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்றது. பாக்கு மட்டுமே அதற்குப் போதும் என்று 2004இல்தான் அறிவித்தது. “நான் புகையிலை போடுவதில்லையே, வெறும் பாக்குதானே” என்று ஆறுதல் சொல்லிக்கொண்டவர்களுக்கு அந்த ஆறுதலும் போயிற்று.

எச்சில் இந்தக் கதைக்குள் வந்தது அண்மைக் காலத்தில்தான். பட்டையில் கீறல் விழுந்தால் பால் கசிவதுபோல, வாய்ச் சதையின் உயிரணுக்கள் சிதைந்தால் அவற்றுக்குள் இருந்த பொருள்கள் எச்சிலில் கசிகின்றன. அவற்றுள் ஒன்று லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி. வாய் இறுகியவர்களின் எச்சிலில் இது மிகுந்திருப்பதை இந்திய ஆய்வாளர்கள் அளந்து கண்டார்கள். ஊசி வேண்டாம், இரத்தம் வேண்டாம். ஒரு குப்பியில் துப்பினால் போதும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்தால், உள்ளே அழற்சி தணிகிறதா என்று கணிக்க உதவும். முன்பெல்லாம் வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று அளப்பதே பெரிய கணக்கு.

சிகிச்சை என்றால் முதலில் பாக்கை நிறுத்துவது. பிறகு வாயைத் திறக்கும் பயிற்சி, அழற்சியைக் குறைக்கும் ஊசி, முற்றிய நிலையில் அறுவை. தக்காளிக்குச் சிவப்பு தரும் லைக்கோபீன் என்ற பொருளை மாத்திரையாகக் கொடுத்ததில் சிலருக்கு வாய் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தது. இறுகிய நார் முற்றாக இளகுவது அரிது.

எச்சில் சோதனைக்கும் எல்லை உண்டு. ஈறு வீங்கியிருந்தாலும் அந்த நொதி கூடும். ஆகவே அதை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது.

1993, 94ஆம் ஆண்டுகளில் மலேசியா முழுவதும் 25 வயதுக்கு மேற்பட்ட 11,697 பேரின் வாயைச் சோதித்தார்கள். புற்றுநோயாக மாறக்கூடிய வாய்க் கோளாறுகள் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றரைப் பேருக்கும் குறைவாகவே இருந்தன. இந்தியரிடையே மட்டும் நூற்றுக்கு நான்கு பேர். அந்த நால்வரை அன்று கண்டுபிடித்தது எச்சில் அல்ல, பல் மருத்துவரின் கண்தான். சிரம்பானிலோ கோலப்பிலாவிலோ அரசாங்கப் பல் மருத்துவமனைக்குப் போனால், வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் ஒரு துணுக்குச் சதை எடுத்து அனுப்புவார்கள். அதற்கு வாய் திறக்க வேண்டும். ஒரு விரல் மட்டுமே நுழையும் வாயில் அதுவும் எளிதல்ல.